கார்டு மேசையில பேசக்கூடாதுங்க

அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நிக்காதீங்க. வந்து இப்படி உக்காருங்க. அங்கயே நின்னீங்கன்னா உள்ளிருந்து ஒரு பையன் வந்து "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ம்பான். மரியாதையாத்தான் சொல்லுவான், ஆனா நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்கல்ல, நமக்கு ஒரு மாதிரி ஆயிரும். அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு கால் ஆடுது. இதுல உக்காருங்க. பக்கத்துல கை கழுவற குழாய் இருக்குது, சீலையச் சித்த இழுத்துக்குங்க, தெறிக்கும்.

மொதல் தடவைங்களா? தெரியுதுங்க. உங்க பொண்ணு உள்ள போறப்ப நீங்க டிபன் பாக்ஸ் குடுத்து விட்டீங்கல்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு. மேசையில வெச்சுத் திங்க விடமாட்டாங்க. எண்ணெய்க் கை கார்டுல பட்டா அவ்வளவுதான். நான் மொத நாளு முறுக்கு கொண்டு போயி, எதுத்தாப்ல உக்காந்த பையனுக்கும் ஒண்ணு நீட்டுனேன். அவன் ரெண்டு கையையும் பின்னாடி கொண்டு போயிட்டான், நான் என்னமோ தேளை நீட்டுன மாதிரி. அப்புறம்தான் சொன்னாங்க. எங்களுக்கு யாருங்க முன்னாலயே சொல்றாங்க? நானாத் தெரிஞ்சுக்கிட்டதுதான் எல்லாம். அதனாலதான் புதுசா யாராச்சும் வந்தா நான் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லிடறது.

அம்மிணி பேரென்னங்க? யாழிசையா. நல்ல பேரு. பயப்படாதீங்க, இது நம்மூரு சீட்டாட்டம் மாதிரி இல்ல. காசு வெச்சு ஆடறதெல்லாம் கிடையாது, படிச்ச புள்ளைகதான் வர்றாங்க. அதான் அம்மிணி சொல்லியிருக்குமே, ஆளுக்கு ஒரு கட்டு, ஒவ்வொரு கார்டுலயும் ஒரு பூதமோ பறவையோ மந்திரவாதியோ படம் போட்டிருக்கும், அதை வெச்சு மாத்தி மாத்தி அடிக்கணும். எங்க வீட்டுல இருக்கறது என் மகன் காலேஜ் படிக்கறப்ப சேத்தது. அவன் இப்ப புனேல வேலைல இருக்கறான். உள்ள ஆடறது அவன் இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு.

நீங்க சிரிச்சாலும் தப்பில்ல, எல்லாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தா, கத்திரிப்பூக் கலர் சட்டை. இடது கையில கார்டு புடிச்சிருக்காரு பாருங்க. சென்னியப்பன் சார்னு சொன்னா இங்க எல்லாப் புள்ளைகளுக்கும் தெரியும்.

போன ஐப்பசில பக்கவாதம் வந்துச்சுங்க. கால் பரவால்ல, கொஞ்சம் இழுத்து நடப்பாரு. வலது கை பாதிதான் வருது. பேச்சுதான் மொத்தமாப் போயிருச்சு. புத்தியெல்லாம் தெளிவு. நீங்க பேசறது அத்தனையும் புரியும், பேப்பர் படிப்பாரு, கணக்குப் போடுவாரு. சொல்ல வர்ற வார்த்தை வாய்க்கு வராது. "சரி"ன்னு ஒண்ணு மட்டும் வரும். தண்ணி வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு, "அவரை அவசரப்படுத்தாதீங்கம்மா, அவராப் பேசட்டும்"னு. நான் அவசரப்படுத்தறதே இல்லைங்க. அவரு கஷ்டப்படக் கூடாதுன்னு நானே சொல்லிருவேன்.

பேங்க்ல போயி நின்னா நான்தான். போன் வந்தா நான்தான். ஒறம்பரை வந்து "எப்படி இருக்கீங்க மாமா"ன்னு கேட்டாங்கன்னா, அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள "நல்லா இருக்காருங்க, தூக்கந்தான் சரியில்ல"ன்னு நான் சொல்லிருவேன். அவரு மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா, இத்தனை வருசமாக் கூட இருக்கறேன். சலூன்ல மீசைய எடுத்துரச் சொன்னதும் நான்தான். சாப்பிடறப்ப ஒட்டுது, துடைக்கறது சிரமமா இருக்குதுன்னு. அவரும் "சரி சரி"ன்னாரு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தாரு. மூஞ்சி பளிச்சுனு இருந்துச்சுல்ல, அதப் பாத்துட்டு நின்னிருப்பாரு.

அவரு முன்ன மட்டும் என்ன பேசுனாருங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே பேசல. பம்ப்செட் கம்பெனில என்ன வேலைன்னு நான்தான் கேட்டேன். பதில் அவங்கம்மா சொன்னாங்க.

சரி, எங்க விட்டேன். பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு புள்ள வீட்டுக்கு வந்துட்டு இருந்துச்சு. கையும் மூளையும் சேந்து வேலை செய்யணும், வீட்டுல சீட்டுக்கட்டு இருந்தா அடுக்கச் சொல்லுங்கன்னுச்சு. சீட்டுக்கட்டுக்கு நான் எங்க போறது. பரண்ல மகனோட டப்பா இருந்துச்சு, அத எறக்கிக் குடுத்தேன். நெறம் நெறமா அடுக்குவாருன்னு பாத்தா, ஒவ்வொரு கார்டுலயும் எழுதியிருக்கறத கண்ணுகிட்ட வெச்சுப் படிக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் மகன் வீடியோ கால்ல ஆடச் சொல்லிக் குடுத்தான். அவன்தான் இந்தக் கார்டு விக்கற, உக்காந்து ஆடவும் விடற ஷெரின் கடையச் சொன்னான். சாய்பாபா காலனில மாடில இருக்குது. இந்தப் போட்டிக்கெல்லாம் அந்தப் புள்ளதான் ஜட்ஜும். கறுப்புச் சட்டை போட்டுட்டு நடந்துட்டே இருக்குது பாருங்க, அதுதான். நல்ல புள்ளதான். ஆனா எனக்கு அதுமேல ஒரு வருத்தம் இருக்குது, சொல்றேன்.

சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிட்டுப் போவேன். அங்கதான் இந்த முறையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மிணிக்குச் சொல்லி வைங்க. உக்காந்ததும் பேரைச் சொல்லி ஒரு வணக்கம் வெச்சுரணும். கட்டைக் கலைச்சு எதிராளிகிட்ட நீட்டணும், அவங்க ஒருக்கா வெட்டிக் குடுப்பாங்க. அவங்க கார்டைப் படிக்கணும்னா "பாக்கலாங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் தொடணும். தோத்துட்டா "உனக்கு அதிர்ஷ்டம்பா"ன்னு சொல்லக்கூடாது, கெட்ட வார்த்தை சொன்னதுக்குச் சமம். கை குடுத்துட்டு எந்திரிக்கணும். முக்கியமா, என்ன பண்ணப் போறோமோ அதை வாயத் தொறந்து சொல்லிட்டுப் பண்ணணும். அடிக்கறேன், எடுக்கறேன், என் முறை முடிஞ்சுதுன்னு ஒவ்வொண்ணையும் சொல்லணும். சொல்லாமப் பண்ணுனா ஏமாத்தற மாதிரி ஆயிரும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பகீர்னு ஆச்சு. பேச்சே வராத மனுசன் எப்படிச் சொல்லுவாரு? அதான் நான் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கிட்டேன். "அடிக்கறாருங்க", "ஒரு கார்டு எடுக்கறாருங்க", "அவ்வளவுதாங்க"ன்னு நான் சொல்லிருவேன். கடைல ஆடற புள்ளைக யாரும் ஒண்ணும் சொல்லல. அம்மா அம்மான்னுதான் கூப்பிட்டாங்க. வர்ற ஒவ்வொரு பையனுக்கும் அவரு உடம்பு விவரத்தை மொதல்லயே சொல்லிருவேன், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாளு ஐசியூன்னு. தெரிஞ்சாத்தான பொறுமையா ஆடுவாங்க. அவரு கார்டையே குனிஞ்சு பாத்துட்டு இருப்பாரு.

கொஞ்ச நாள்ல எனக்கும் ஆட்டம் புரிய ஆரம்பிச்சுருச்சு. எதைப் போட்டா நல்லதுன்னு தெரியும்ல. லேசா விரலை வெச்சுக் காட்டுவேன். ஒருநாள் பாத்தா, கையில இருக்கற கார்டையெல்லாம் என் பக்கம் தெரியாத மாதிரி நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. இடது கைல அத்தனை கார்டையும் புடிக்கறது சிரமம்தான், வலிச்சிருக்கும். நான் வாங்கிப் புடிச்சுக்கலாம்னு கை நீட்டுனேன். குடுக்கலைங்க.

சித்திரைல இதே மண்டபத்துல பெரிய போட்டி வெச்சாங்க. ஈரோடு, சேலம், பாலக்காடுன்னு ஆளுக வந்திருந்தாங்க. அவரு காலைல எந்திரிச்சுத் தானே சட்டை போட்டுக்கிட்டாரு. ஒரு பட்டன் மாறிப் போச்சு, நான் சரிபண்ணப் போனேன், தள்ளி நின்னுக்கிட்டாரு. அவ்வளவு ஆர்வம்.

மொத ரெண்டு ஆட்டம் நல்லாப் போச்சு. ஷெரின் மட்டும் வந்து வந்து என்கிட்ட, "ஆன்ட்டி, அவரு என்ன பண்றாரோ அதை மட்டும் சொல்லுங்க, நீங்க எதையும் காட்டக்கூடாது"ன்னு சொல்லிட்டுப் போச்சு. சரி கண்ணுன்னேன். மூணாவது ஆட்டத்துக்கு லோகித்னு ஒரு பையன் உக்காந்தான். பி.எஸ்.ஜி. காலேஜ்ல படிக்கறானோ என்னமோ, சாந்தமான பையன். ரொம்ப நேரம் இழுத்துச்சு ஆட்டம். எங்க வீட்டுக்காரரு ஒரு சின்னக் குருவிக் கார்டைப் போட்டாரு. அப்புறம் இன்னொரு கார்டுமேல விரலை வெச்சுட்டு அப்படியே ரோசனை பண்ணிட்டு இருந்தாரு. வேத்துப் போச்சு அவருக்கு. அந்தப் பையன் சித்த நேரம் பாத்துட்டு, "சார், முடிஞ்சுதுங்களா?"ன்னு கேட்டான்.

அவரு வாய் லேசா அசைஞ்சுது. பாவமா இருந்துச்சுங்க எனக்கு. "முடிஞ்சுது கண்ணு, நீ எடு"ன்னு சொன்னேன்.

பையன் கார்டை எடுத்தான். எங்க வீட்டுக்காரரு மேசையில ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. அடிச்சுட்டு என்னைப் பாத்து, "இல்ல"ன்னாரு.

நீங்க நம்பமாட்டீங்க. ஐப்பசிக்கு அப்புறம் "சரி"யத் தவிர அவரு வாயில இருந்து வந்த மொத வார்த்தைங்க அது. நான் எந்திரிச்சுட்டேன். அழுகையும் வருது, சிரிப்பும் வருது. போனை எடுத்து மகனுக்கு வீடியோ கால் போட்டு, "அப்பா பேசிட்டாருடா, இல்லன்னு சொல்லிட்டாருடா"ன்னு சொன்னேன். அத்தனை மேசையும் திரும்பிப் பாத்துது. போனை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இன்னொருக்கா சொல்லுங்க, தம்பி கேக்கட்டும்"னேன். சொல்லல. கண்ணை மூடிக்கிட்டாரு. சந்தோசத்துல அவருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல.

அதுக்குள்ள லோகித் கையத் தூக்கியிருக்கான். ஏதாச்சும் சந்தேகம்னா அப்படித்தான், கையத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடணும், நாமளாப் பேசித் தீத்துக்கக் கூடாது. ஷெரின் வந்துச்சு. "ஆன்ட்டி, போனை வைங்க"ன்னுச்சு. வெச்சேன். அந்தப் புள்ள அவரு சேருக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து, "சார், உங்க முறை முடிஞ்சுதா?"ன்னு அவரைக் கேட்டுச்சு. கேட்டுட்டு சும்மா இருந்துச்சு. எவ்வளவு நேரங்க அப்படியே இருக்கறது? நான் வாயெடுத்தேன். என் பக்கம் பாக்காமயே கையக் காட்டி நிறுத்திருச்சு.

அவரு, "இல்ல"ன்னாரு. ரெண்டாந் தடவ.

லோகித் உடனே, "மேடம், நான் எடுத்த கார்டை வெச்சர்றேன், சார் ஆடட்டும்"னான். அந்தப் பையன் மனசு அப்படி. ஆனா ஷெரின் ஒத்துக்கல. "உனக்கு ஓகேன்னாலும் முடியாது லோகித். நான் முன்னாடியே சொல்லியாச்சு. ஆடறவரு இல்லாம வேற ஒருத்தர் ஆட்டத்துல தலையிட்டா, அந்த ஆட்டம் போச்சு. இங்க எல்லாருக்கும் அதேதான்"னுச்சு. சொல்றப்ப அதுக்கே மொகம் செத்துப் போச்சு. "சாரி சார்"னுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வாய் பேசாத மனுசனுக்கு வாயா இருந்தது தப்பா? "நோயாளிகிட்ட சட்டம் பேசறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா"ன்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அவரு ஒத்தக் கையால கார்டையெல்லாம் சேத்தாரு. கடைசில விரலை வெச்சிருந்த அந்தக் கார்டைத் திருப்பி லோகித்துக்குக் காட்டுனாரு. பையன் படிச்சுப் பாத்துட்டு, "இது வந்திருந்தா நான் காலி சார்"னான். அவரு இடது கைய நீட்டுனாரு. அவனும் இடது கைய நீட்டிக் குலுக்குனான். தோத்தாலும் கை குடுக்கணும்னு சொன்னேன்ல, அந்த முறையெல்லாம் அவரு தவறவே மாட்டாரு.

அப்புறம் ஷெரின் என்னைப் போயி டீ குடிச்சுட்டு வரச் சொல்லுச்சு. கோவத்துல போனேன். திரும்பி வந்து பாக்கறேன், அவரும் ஷெரினும் என்னமோ முடிவு பண்ணியிருக்காங்க. உள்ளங்கைய மேசையில வெச்சா முறை முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒத்த விரலைத் தூக்குனா, இருங்கன்னு அர்த்தம். எதிராளி எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கணும், கடிகாரத்தை அந்தப் புள்ள பாத்துக்கும். சரி, நல்ல ஏற்பாடுதான், நான் எங்க உக்காரறதுன்னு கேட்டேன். அவரு எந்திரிச்சாரு. காலை இழுத்துட்டே வந்து, கதவைத் தொறந்து, வெளிய கெடந்த இந்தச் சேரைக் காட்டுனாரு.

எனக்கு முட்டி வலி இருக்குதுல்லங்க, உள்ள அந்த மர சேர்ல உக்காந்தா எந்திரிக்க முடியாது. அத நெனச்சிருக்காரு. இந்த உடம்போட என்னையக் கவனிக்கறாரு பாருங்க.

அப்ப இருந்து இங்கதான். கடைக்குப் போனாலும் கீழ ஜூஸ் கடைல உக்காந்துக்கறேன். என்ன பண்றதுன்னுதான் தெரியல. இங்க உக்காந்தா கை ஓடறதில்ல. உள்ள தண்ணி குடிச்சாரா, மாத்திரைய எடுத்துக்கிட்டாரா, ஒண்ணும் தெரியாது. போன வாரம் ஷெரின் சொல்லுது, "அங்கிள் இப்ப நல்லாப் பேசறாரே ஆன்ட்டி"ன்னு. "என்ன பேசறாரு?"ங்கறேன். "அடிக்கறேங்கறாரு, உங்க முறைங்கறாரு, லோகித்துன்னு பேரு சொல்லிக் கூப்பிடறாரு, அன்னைக்கு அவனை 'அவசரப்படாதடா'ன்னாரு, எல்லாரும் சிரிச்சுட்டோம்"னு சொல்லுது.

வீட்டுல ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க. பழைய "சரி"தான். நான் ஷெரின்கிட்டச் சொன்னேன், வீட்டுக்கு வர்றதுக்குள்ள களைச்சுப் போயிடறாருன்னு. அதுக்கு அது, "ஆன்ட்டி, ஏதாச்சும் கேட்டா, கேட்டுட்டு சும்மா இருங்க. அவரு முறை முடியற வரைக்கும்"னுச்சு. அவ்வளவுதான, இருந்தாப் போச்சு.

இருந்து பாத்தேங்க. தோசை வாத்துட்டு இருந்தேன். "இன்னொண்ணு வைக்கட்டுங்களா?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு கரண்டியக் கைல வெச்சுட்டு நின்னேன். அவரு நிமிந்து பாத்தாரு. நான் பேசலைன்னதும் அவருக்கே ஆச்சரியம். வாயத் தொறந்தாரு, மூடுனாரு. நெத்தியெல்லாம் சுருங்குது. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. தோசைக்கல்லு காயுது.

அன்னைக்குக் காலைல அவரு குளிக்கப் போனாருங்க, ஐப்பசில. தண்ணி விழற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. நான் வெளிய நின்னு, "ஏனுங்க, நேரமாகுது"ன்னேன். பதிலில்ல. "ஏனுங்க"ன்னேன். இவரு எப்பவும் இப்படித்தான், கூப்பிட்டாப் பேசமாட்டாருன்னு திட்டிட்டே சமையக்கட்டுக்குப் போயி சட்னி தாளிச்சேன். திரும்பி வந்தும் அதே தண்ணிச் சத்தம். கதவை ஒடைக்கப் பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க.

அந்த ஃபேன் சத்தத்துலயும் எனக்கு அதே தண்ணிச் சத்தந்தான் கேட்டுச்சுங்க. எதுத்தாப்லதான் உக்காந்திருக்காரு, கண்ணால பாக்கறேன், இருந்தாலும் முடியல. "சரி சரி, வெக்கறேன்"னு சொல்லி தோசையத் தட்டுல போட்டுட்டேன். அவரு தட்டைப் பாத்துட்டு, "சரி"ன்னாரு. தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பக்கத்து ரூம்ல கார்டு கலைக்கற சத்தம் கேட்டுச்சு. அது கேட்டதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும். பேசுனாத் தப்புங்கறாங்க. பேசாம இருக்க என்னால ஆகல. இந்த ஷெரினுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கல்யாணம் கூட ஆகல. சட்டம் பேசறது மேசையில சரியா இருக்கும், வீட்டுக்கு ஆகுமா? நாளைக்கு உங்க அம்மிணி தோத்துட்டு வந்து நிக்கறப்ப நீங்க வாய மூடிட்டா நிப்பீங்க? என்ன கண்ணு ஆச்சு, பசிக்குதா, போகட்டும் விடுன்னு கேட்கத்தான செய்வீங்க. அதுதான நாம. நம்மள வெளிய உக்கார வெச்சுட்டு உள்ள என்னமோ அவங்களே எல்லாம் பாத்துக்குவாங்கன்னா, காய்ச்சல் வந்தாப் பாக்கறது யாரு, மாத்திரை குடுக்கறது யாரு, நான் ஒருக்கா இவருக்கு...

அட, ரவுண்டு முடிஞ்சு வெளிய வந்துட்டாங்களா. அந்தா, தாண்டிப் போயிட்டாரே. லோகித்தோட டீக்குப் போறாரு போல. ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா? திரும்பல பாருங்க.

இப்ப இந்தப் பக்கமாப் போறப்ப உங்களைப் பாத்து நின்னு என்னமோ சொன்னாருல்ல? உள்ள கை காட்டிச் சொன்னாரே, உங்க அம்மிணியப் பத்தியா? வாய் நல்லா அசைஞ்சுதே, ஒரு வார்த்தை இல்ல, முழுசாச் சொன்னாரு. நான் பேசிட்டு இருந்ததுல காதுல விழலைங்க. நீங்க கூடச் சிரிச்சீங்க.

என்ன சொன்னாருங்க?